இடித்துக் கட்டுவது எத்தனை?

போன வாரம் பழைய அலுவலகத்திலிருந்து ரம்யா ஓர் அட்டவணை அனுப்பியிருந்தாள். குறுக்கே பதினாறு கட்டம், நெடுக்கே நாற்பது கட்டம். நிறுவனங்களுக்காக மேகத்தில் கணினிகளைக் கட்டவும், கட்டியவற்றை ஒழுங்கில் வைத்திருக்கவும் இன்று கிடைக்கிற தானியங்கிக் கருவிகள் அத்தனையும் அதில் கைகட்டி நின்றன. எது வேகம், எது இலவசம், எதைப் பழக நாளாகும், எது எந்த மேகத்தில் மிதக்கும். கீழே ஒரு குறிப்பு: “அக்கா, நீங்க இருபத்தஞ்சு வருசம் இதுக்குள்ளயே கெடந்தீங்க. எது நல்லதுன்னு ஒரே வரியில சொல்லுங்க பாக்கலாம்.”

ஒரே வரியா! ஊட்டி பெர்ன்ஹில்லில் என் ஜன்னலுக்கு வெளியே நிஜ மேகம் ஒன்று காலையிலிருந்து வேலிக் கம்பியில் முந்தானை மாட்டிக்கொண்டவள் போல நின்றுகொண்டிருக்கிறது. அதையே என்னால் ஒரு வரியில் சொல்ல முடியவில்லை. இதில் வாடகை மேகத்தைச் சொல்லப் போகிறேனாம். மேகம் என்பது வேறொன்றுமில்லை, எங்கோ தூரத்தில் யாரோ வைத்திருக்கும் மாபெரும் கணினிக் கூடம். அதில் ஒரு மூலையை நாம் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறோம். தொட முடியாது, தட்ட முடியாது, கோபம் வந்தால் உதைக்கவும் முடியாது. அதனால்தான் நம் சார்பில் போய் வேலை செய்யக் கருவி வேண்டியிருக்கிறது.

ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவள் நான். பெரிய காரணம் ஒன்றுமில்லை. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் ரம்யா கேட்டதிலிருந்து மனசு குன்னூருக்கும் சேரம்பாடிக்கும் பஸ் விட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு வரிக்குப் பதிலாக ஒரு கதை வருகிறது. வந்ததை எழுதிவிடுகிறேன்.

பயின்ற காலத்தைச் சொல்ல நாலு வாக்கியம் போதும். ஊட்டி காந்தலில் பிறந்தேன், அப்பா கோயமுத்தூரிலிருந்து மலையேறி வந்து பாத்திரக் கடை வைத்தவர். கீழே போய்ப் படித்தேன். கீழேயே நாலு வருடம் கணினிகளைக் கழற்றி மாட்டினேன். வெயில் தாங்காமல் மேலே ஓடி வந்துவிட்டேன்.

மேலே, குன்னூரில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. ஏழு பேர். காலை பத்து மணிக்கு வர்க்கி வேகும் வாசனையில்தான் எங்கள் இயந்திரங்கள் கண் விழிக்கும். தேயிலை எஸ்டேட்டுகள், இரண்டு ஓட்டல்கள், ஒரு பள்ளிக்கூடம் என்று ஊரார் கணினிகளெல்லாம் எங்கள் பொறுப்பு. முதலில் அவை அவரவர் அறையில் இருந்தன, நான் ஜீப்பில் திரிந்தேன். பிறகு அவை மேகத்துக்குப் போயின. மலைப்பாதை முழுக்க என்னோடு பாடிக்கொண்டு வந்த என் இரண்டு காலும் மேசைக்கடியில் சும்மா ஆடிக்கொண்டிருந்தன.

எங்கள் தலைவர் பெள்ளி சார். படுகர். கழுத்து வரை பொத்தான் போட்ட கம்பளிச் சட்டை. கம்பெனி தொடங்குவதற்கு முன் பாதுகாப்புத் துறையின் வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்றில் நீண்ட காலம் வேலை பார்த்தவர். அங்கே கற்றுக்கொண்ட ஒரே பழக்கத்தை அப்படியே எங்கள் மாடிக்குத் தூக்கி வந்திருந்தார். கை அசைவதற்கு முன்னால் வாய் அசைய வேண்டும்.

விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லாம் இருக்கிறது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அந்தத் தொழிற்சாலை வாசலில் தீப்பெட்டியை வாங்கி வைப்பார்களாம். இவர் கைப்பேசியை வாங்கி வைப்பார். வாடிக்கையாளர் உபயோகத்தில் இருக்கும் இயந்திரத்தில் எதைத் தொடுவதென்றாலும் மூன்று பேர் வேண்டும். வாசிப்பவர், கேட்பவர், அமுத்துபவர். “இன்னின்னது செய்யப் போகிறேன்” என்று கருவி ஆங்கிலத்தில் ஒரு முன்னோட்டம் காட்டும் அல்லவா, அதை வாசிப்பவர் தமிழில் உரக்கச் சொல்ல வேண்டும்.

“ஏன் சார் தமிழ்ல?” என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

“இங்கிலீசுல வாசிச்சா நாக்கு சறுக்கிட்டுப் போயிரும்மா. தமிழ்ல சொல்லணும்னா புரிஞ்சாத்தான் சொல்ல முடியும்.”

பிறகு கண்ணை மூடிக்கொள்வார். இடது கை தேநீர்க் கோப்பையைச் சுற்றியிருக்கும். குடிக்க மாட்டார். நான் வேகமாகப் போனால் ஒரு விரல் எழும். தப்பாகச் சொன்னால் திட்ட மாட்டார், “மறுக்கா” என்பார். அச்சடித்த படிவம் ஒன்று உண்டு. அதில் மூன்று கேள்விகள்: சேர்வது எத்தனை? மாறுவது எத்தனை? அழிவது எத்தனை? எண்ணை எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விரல் பொத்தானுக்குப் போகும். ஒரு பொத்தானுக்கு இருபது நிமிடம்! காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த எனக்கு அந்த இருபது நிமிடமும் பல் டாக்டர் நாற்காலிதான்.

அப்போதுதான் பதினொரு எஸ்டேட் வைத்திருந்த ஒரு கம்பெனி எங்களிடம் வந்தது. மலை முழுக்கச் சிதறிக் கிடந்த அவர்களுடைய அலுவலகக் கணினிகளையும் மேகத்தில் வாடகைக்கு எடுத்தவற்றையும் ஒரே கயிற்றில் கட்ட வேண்டும். எந்தக் கருவி சரி? மூன்று வகையை ஆறு மாதம் போட்டுப் பார்த்து, ஒப்பிட்டு எழுதிக் கொடுங்கள் என்றார்கள். வேலை எனக்கு வந்தது.

அந்த மூன்றுக்கும் பெயர் வைத்தவள் கலாவதி. பந்தலூர்ப் பக்கம் சேரம்பாடியில், அந்தக் கம்பெனியின் எஸ்டேட் ஆபீஸ் ஒன்றில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள். அவள் அம்மா சிலோனிலிருந்து கப்பலேறி வந்து கொழுந்து பறித்தவர். கலாவதி பிறந்தது இங்கே. பேச்சில் மட்டும் அக்கரைத் தோட்டம் இன்னும் தளிர்விட்டுக்கொண்டிருந்தது. கருவிகளை அவள் கணினியில் ஏற்றுவதற்காக ஒரு நாள் தொலைபேசியில் விளக்கிக்கொண்டிருந்தேன்.

“ஏஜென்ட்டுன்னா என்னாக்கா?”

“உன் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு ஆள் உக்காந்திருப்பான். அரை மணிக்கு ஒருக்கா எல்லாம் சொன்னபடி இருக்குதான்னு பாப்பான். இல்லேன்னா யாரையும் கேக்காம அவனே சரி பண்ணிருவான்.”

“அட, கங்காணி!”

தோட்டத்தில் ஆட்களின் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கும் மேற்பார்வைக்காரர்தான் கங்காணி. அதைவிடப் பொருத்தமான சொல் எந்த மென்பொருள் கையேட்டிலும் இல்லை.

“ரெண்டாவது அப்படியில்ல. உள்ள யாரும் உக்கார மாட்டாங்க. நாங்க இங்கிருந்து அனுப்பறப்ப மட்டும் வந்து, கதவைத் தட்டி, சொன்ன வேலையைச் செஞ்சிட்டுப் போயிரும்.”

“தபால்காரரு. மூணாவது?”

“அது உன் கம்ப்யூட்டருக்கே வராது. மேகத்துல புதுசா மெசின் வேணும்னா, வரைபடம் குடுத்தா கட்டிக் குடுக்கும். என்ன கட்டினோம்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கும்.”

“மேஸ்திரி. ஏன்க்கா, இம்புட்டு லேசான வெசயத்தையா மூணு நாளா இங்கிலீசுல சொல்லிக்கிட்டு இருந்தீங்க?”

அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்திலும் கங்காணி, தபால்காரர், மேஸ்திரிதான். பெள்ளி சார்கூட அறிக்கையில் அப்படி எழுதிவிட்டுப் பிறகு அடித்தார்.

மூவரும் மலைக்கு வந்து பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். தபால்காரர் நல்ல பிள்ளை. பழக இரண்டு நாள் போதும். ஆனால் பந்தலூர்ப் பக்கம் மத்தியானம் இடி உருண்டால் ஆபீஸில் முதல் வேலை மெயின் சுவிட்சை இறக்குவது. எங்கள் தபால்காரர் சரியாக மூன்று மணிக்குப் போய்க் கதவைத் தட்டுவார், உள்ளே உயிரே இருக்காது, “ஆள் இல்லை” என்று எழுதிக்கொண்டு திரும்பிவிடுவார். பதினொன்றில் ஏழு வீடு ஆள் இல்லை. கங்காணிக்கு அந்தக் கவலை கிடையாது. மின்சாரம் போனால் தூங்குவார், வந்தால் எழுந்து விட்ட இடத்திலிருந்து அதட்டத் தொடங்குவார். ஆனால் பிடிவாதம்! கணினித் திரையில் அனுமதி இல்லாத கோப்பு எதுவும் கிடக்கக்கூடாது என்று ஒரு விதி எழுதியிருந்தேன். வந்த முதல் நாளே கலாவதியின் திரையைத் துடைப்பம் போட்டுப் பெருக்கித் தள்ளிவிட்டார்.

“என் பைலெல்லாம் தூக்கிட்டுப் போய்ட்டாருக்கா ஒங்க கங்காணி!”

“எல்லாம் மேகத்துல ஏத்திட்டியா?”

“ஏத்திட்டேன். இருந்தாலும் சொல்லிட்டுச் செய்ய வேணாமா? மொகத்துல அடிச்ச மாதிரி இருக்கு.”

அந்தக் கோப்புகளில் இருந்தது மழை.

ஒவ்வொரு எஸ்டேட் ஆபீஸிலும் காலையில் முதல் வேலை, மழைமானியில் விழுந்திருப்பதை அளந்து பதிவேட்டில் எழுதுவது. மலையில் இன்னும் அங்குலமும் சென்ட்டும்தான். ஓர் அங்குலத்துக்கு நூறு சென்ட். தலைமுறை தலைமுறையாக எழுதிய பதிவேடுகள். பூசணம் பிடித்தவை, கரையான் பாதி படித்துவிட்டவை, பேனா மை கரைந்து எண்களே மழையில் நனைந்தது போல நிற்பவை. எப்போது கவாத்து வெட்டுவது, எப்போது உரம் போடுவது என்று பார்ப்பதற்காக அவை எல்லாவற்றையும் கணினியில் ஏற்றச் சொல்லியிருந்தது கம்பெனி. மூன்று வருடமாக கலாவதி ஒற்றை ஆளாக அந்த மழையைத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டி முடித்த பதிவேடு நேராகத் தேயிலை உலர்த்தும் அடுப்புக்குப் போய்விடும். ஆபீஸில் இடமில்லை, மேலாளர் உத்தரவு.

கலாவதி தற்காலிக ஊழியர். அம்மா ஓய்வு பெற்றுவிட்டார். அவர்கள் குடியிருந்த லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடு, அங்கே வேலை செய்பவருக்கு உரியது. வீட்டில் ஒருவராவது நிரந்தர வேலையில் இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும். மழை வேலை முடியட்டும், இயக்குநர்களுக்குக் காட்டுவோம், பிறகு உன்னை நிரந்தரம் செய்வதைப் பார்க்கலாம் என்று பெரிய மேலாளர் சொல்லியிருந்தார். காட்டும் நாளும் குறித்தாகிவிட்டது. ஆக அவள் தட்டிக்கொண்டிருந்தது அவள் கூரையை.

காட்டும் நாளுக்குப் பதினேழு நாள் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், நான் மேஸ்திரிக்கு ஒரு சின்ன வேலை கொடுத்தேன். மேகத்தில் இருந்த இயந்திரங்களின் பெயர்கள் தாறுமாறாக இருந்தன. ஒப்பீட்டு அறிக்கைக்கு அழகாக இருக்கட்டுமே என்று எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பெயர் வைக்க முடிவு செய்தேன். பெயர்தானே.

வழக்கம்போல வாசிப்பு. வாசிப்பவள் நான், கேட்பவர் பெள்ளி சார், அமுத்துபவர் எங்கள் சிவகாமி. முன்னோட்டத்தில் புதிதாகச் சேர்ப்பது இரண்டு இருந்தது. திருத்துவது மூன்று. அதற்குக் கீழே தனியாக இன்னொரு வரி, ‘ரீப்ளேஸ்’ ஒன்று என்று. மழை இருந்த இயந்திரம்.

“சேர்வது?”

“ரெண்டு சார்.”

“மாறுவது?”

“நாலு.” மூன்றும் ஒன்றும் நாலு. மனக்கணக்கில் நான் எப்போதும் புலி.

“அழிவது?”

“ஒண்ணுமில்லீங்க சார்.”

கண்ணைத் திறந்தார். கையெழுத்துப் போட்டார். சிவகாமி அமுத்தினாள். எனக்கு அன்று மலை ரயிலைப் பார்க்கப் போக வேண்டும் போல இருந்தது. பதினெட்டு நிமிடத்தில் முடிந்துவிட்டதே என்று சந்தோஷம்.

அரை மணி கழித்து கலாவதி கூப்பிட்டாள்.

“அக்கா, மழையக் காணோம்.”

ஜன்னலுக்கு வெளியே தகரக் கூரைகள் அதிரக் கொட்டிக்கொண்டிருந்தது. “என்ன காணோம்?”

“மழைக்கா. தொறந்தா வெறுசா இருக்கு. ஒரு சென்ட்டுகூட இல்ல.”

திறந்து பார்த்தேன். இயந்திரம் இருந்தது. புத்தம் புதிது, பெயர்ப் பலகைகூட நான் சொன்னபடியே. உள்ளே யாரும் இல்லை. மேஸ்திரிக்குப் பெயரை மட்டும் திருத்தத் தெரியாது. பழைய இயந்திரத்தை இடித்துவிட்டு, புதுப் பெயரில் அதே அளவில் ஒன்று கட்டிக் கொடுத்திருந்தார். உதகமண்டலம் என்று பெயர் மாறியபோது யாரும் ஊட்டியை இடித்துக் கட்டவில்லை. நான் அந்த நினைப்பிலேயே இருந்துவிட்டேன். நாள்தோறும் எடுத்த நகல்கள் பழைய இயந்திரத்தோடு பிணைந்தவை, அதோடு சேர்ந்து போய்விட்டன. வேறிடத்தில் ஒரு நகல் வைப்பதைப் பரிசோதனை முடிந்ததும் செய்யலாம் என்று தள்ளிப் போட்டவளும் நான்தான்.

பெள்ளி சார் எழுந்து வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே கேட்டார். “அந்த வரியை மறுக்கா வாசிங்க. இங்கிலீசுலயே.”

“ரீப்ளேஸ், ஒண்ணு.”

“அதுக்குத் தமிழ் என்ன?”

“மாற்று சார்.”

“மேல மூணு இருந்துச்சே, ‘சேஞ்ச்’. அதுக்கு?”

திரையை மறுபடி பார்த்தேன். “மாற்று.”

பல்பை மாற்று, சட்டையை மாற்று, முடிவை மாற்று. நம் மொழியில் ஒன்றைத் திருத்தினாலும் மாற்றுதான், ஒன்றைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னொன்றை வைத்தாலும் மாற்றுதான். தமிழில் வாசித்தால் புரிந்துதான் வாசிப்பாய் என்று நம்பிய மனிதர் முன்னால், தமிழாலேயே நான் இடறியிருந்தேன்.

தொலைபேசி மணி அடித்தது. எஸ்டேட் கம்பெனியின் பெரிய மேலாளர். பெள்ளி சார் ஒலிபெருக்கியில் போட்டார்.

“என்ன சார், ரெயின்ஃபால் எல்லாம் போச்சாமே? அந்தப் புள்ளைதான் எதையாச்சும் அமுக்கியிருக்கும். நான் அப்பவே நெனச்சேன். இதையெல்லாம் எப்படி நிரந்தரம் பண்றது?”

நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். எங்கள் ஒப்பந்தம் பிழைக்கும், என் பெயர் பிழைக்கும். நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு காலியாகும், அவ்வளவுதான். அந்த மௌனம் எத்தனை நொடி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அது இருந்தது என்பது மட்டும் தெரியும். எழுதும்போதும் கூசுகிறது.

பெள்ளி சார் என்னைப் பார்க்கவில்லை. மேசைமேலிருந்த படிவத்தை இரண்டு விரலால் என் பக்கம் தள்ளினார்.

வாசித்தேன். முதல்முறையாக மெதுவாக வாசித்தேன். “சார், நான் குன்னூர் ஆபீஸ்ல இருந்து பேசறேனுங்க. இன்னிக்கு மத்தியானம் செஞ்ச வேலையோட படிவம் இது. வேலை, பெயர் மாற்றம். சேர்வது ரெண்டு. மாறுவது நாலுன்னு எழுதியிருக்கு, அது தப்பு. மாறுவது மூணு. அழிவது இல்லைன்னு எழுதியிருக்கு, அதுவும் தப்பு. அழிஞ்சது ஒண்ணு. வாசித்தவர், நானுங்க.”



“கேட்டவர், பெள்ளி,” என்றார் பெள்ளி சார். “அந்தப் பொண்ணு எதையும் அமுக்கலைங்க. அமுக்கினது நாங்க.”

“அப்ப ஒங்க காண்ட்ராக்ட்ட நாங்க என்ன செய்யறது?”

“யோசிங்க சார். அதுக்குள்ள மழையைத் தேடறோம்.”

கலாவதிக்கு நானே கூப்பிட்டுச் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவுமில்லை, அழவுமில்லை. ஏதோ கணக்குக் கேட்பவள் மாதிரி கேட்டாள்.

“அக்கா, ஒங்க கங்காணி தூக்கிட்டுப் போனாருல்ல, அதெல்லாம் எங்க கொண்டு போய் வெக்கிறாரு?”

“எதை?”

“என் பைலுங்கள. எங்க தோட்டத்துல கங்காணி யார்கிட்ட எதப் புடுங்கினாலும் தூக்கி வீச மாட்டாரு. எங்கயாச்சும் பதுக்கித்தான் வெப்பாரு.”

நான் நாற்காலியோடு விழுந்திருப்பேன். உண்மைதான்! அந்த வகைக் கருவி ஒரு கோப்பை நீக்கும் முன் அதன் நகலை ஒரு மூலையில் போட்டு வைக்கும். கையேட்டின் வாலில் எங்கோ இருக்கும் விஷயம், படித்திருந்தேன், மறந்திருந்தேன். படிக்காதவள் கங்காணியின் குணத்தை வைத்துக் கண்டுபிடித்தாள். இங்கிருந்தே அவள் கணினிக்குள் புகுந்து தோண்டினோம். ஒவ்வொரு கோப்புக்கும் பெயருக்குப் பதில் ஓர் எண் வைத்து, வரிசையில்லாமல், ஆனால் ஒரு சென்ட் குறையாமல் கிடந்தது மழை. சிவகாமி எழுந்து நின்று கைதட்டினாள். கீழே பேக்கரிக்காரர் என்னம்மா என்று எட்டிப் பார்த்தார்.

ஆனால் கங்காணி பெருக்கியது முதல் நாளில் மட்டும். அதற்குப் பிறகு கலாவதி பயந்துபோய்த் திரையில் எதையும் வைக்காமல் நேராக மேகத்திலேயே தட்டியிருந்தாள். கடைசி நாலு மாத உழைப்பு, இரண்டு எஸ்டேட்டின் மழை, அது இல்லை. பதிவேடுகள் அடுப்பில் தேநீராகிவிட்டிருந்தன. மிச்சமிருந்தது ஒரே வழி. எஸ்டேட்டுகள் மாதாமாதம் குன்னூரிலிருந்த தங்கள் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிய அறிக்கைகளின் கார்பன் நகல்கள். இரண்டு சாக்கு.

சாக்குகளோடு பஸ் ஏறினேன். ஊட்டி, கூடலூர், பந்தலூர். நடுவட்டத்தில் மேகம் பஸ்ஸுக்குள் வந்து டிக்கெட் வாங்காமல் இறங்கிப் போயிற்று. அன்றுதான் கலாவதியை முதன்முறையாக நேரில் பார்த்தேன். குரலைவிட உருவம் சின்னது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீங்கதானா? போன்ல பேசறப்போ ஒயரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்.”

“உன் கோபம் எங்க கலா? எதிர்பார்த்துட்டு வந்தேன்.”

“இருக்கு. டைப் பண்ணி முடிச்சப்புறம் வரும்.”

ஒன்பது நாள். நான் வாசிக்க, அவள் தட்ட. கார்பன் நீலம் என் விரலெல்லாம். ஜூலை நாலு, ஒன்று இருபது. ஜூலை ஐந்து, மூன்று பத்து. ஜூலை ஆறு, ‘நில்’, மழையே இல்லை. என்றைக்கோ எவரோ தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு போய் அளந்த மழை, என் வாய் வழியாகப் போய் அவள் விரலில் இறங்கியது. நான் பாய்ந்தால் அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிடுவாள். பேசமாட்டாள். மறுபடி நிதானத்துக்கு வந்தால் கை இறங்கும். பெள்ளி சாரின் விரல் குன்னூரிலிருந்து இங்கே வந்து சேர்ந்துவிட்டதோ என்று எனக்கே சந்தேகம்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, மெயினை இறக்கிவிட்டு இடி ஓய்வதற்காக உட்கார்ந்திருந்தபோது, எப்படித்தான் தவறு நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். சேஞ்சும் மாற்று, ரீப்ளேஸும் மாற்று.

“ஏன்க்கா, எங்க லயத்துக் கூரையில ஓடு ஒடஞ்சா, ஓடு மாத்துறோம்கிறோம். லயத்தையே தட்டிட்டுப் புதுசாக் கட்டினா, லயத்த மாத்துறோம்னா சொல்லுவோம்?”

“வேற என்ன சொல்லுவீங்க?”

“இடிச்சுக் கட்டுறது.” அவளுக்கு அது ஒரு பதிலாகக்கூடத் தோன்றவில்லை. “அப்படிச் சொன்னாத்தானே உள்ள இருக்கிறவங்க சாமானத் தூக்கிட்டு வெளிய வருவாங்க?”

அன்று சாயங்காலமே பெள்ளி சாரைக் கூப்பிட்டுச் சொன்னேன். கண்ணை மூடியிருப்பார். “மறுக்கா சொல்லுங்க,” என்றார். சொன்னேன். படிவம் மறுபடி அச்சாயிற்று. நான்காவது கேள்வி: இடித்துக் கட்டுவது எத்தனை? அதற்கு நேரே சிறிய எழுத்தில்: உள்ளே இருப்பவை வெளியே வந்துவிட்டனவா?

குறித்த நாளில் குறித்த நேரத்தில் இயக்குநர்களுக்கு மழை காட்டப்பட்டது. அதோடு சேர்த்து என் ஒப்பீட்டு அறிக்கையும். மேகத்தில் கட்டுவதற்கு மேஸ்திரி, ஆனால் அவர் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகக் கேளுங்கள். இடி விழும் எஸ்டேட் ஆபீஸ்களுக்குக் கங்காணி, ஆனால் துடைப்பத்தைப் பிடுங்கிவிட்டு வையுங்கள். தலைமை அலுவலகத்துக்குத் தபால்காரர், காலையில் பதினொரு மணிக்குள். எது சிறந்தது என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தேன். வேகத்தில் முதலிடம் பெற்றது மேஸ்திரி. என்னைப் போலவே.

ஒப்பந்தத்தில் பாதியை எடுத்துக் கோயமுத்தூர் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். நியாயம்தான். பெள்ளி சார் அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. அடுத்த வாசிப்புக்கும் என்னையே கூப்பிட்டார்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் இன்று ரம்யாவுக்கும் ஒரு வரி அனுப்பிவிட்டேன். “பதினேழாவது கட்டம் ஒன்று சேர்: இந்தக் கருவி அழிப்பதற்கு என்ன சொல் வைத்திருக்கிறது?” அவள் ஒரு கேள்விக்குறியை மட்டும் திருப்பி அனுப்பினாள்.

மழையைக் காட்டிய பிறகு, கலாவதியின் வேலை என்ன ஆகும் என்று தெரிய இரண்டு வாரம் ஆயிற்று. ஒரு முற்பகலில் கூப்பிட்டாள்.

“அக்கா, லெட்டர் வந்திருக்கு. இங்கிலீசு. எனக்குப் பாதிதான் புரியுது. ஆனா நடுவுல ஒரு எடத்துல அந்தச் சொல்லு இருக்குக்கா. ரீப்ளேஸ்.”

“முழுசா வாசி. மெதுவா.”

எழுத்துக் கூட்டி வாசித்தாள். தேதி, பெயர், பொருள். ஓய்வு பெறும் தலைமை எழுத்தரின் இடத்தில், அடுத்த மாதம் முதல் நாளிலிருந்து, நிரந்தரமாக. ரீப்ளேஸ் அந்த எழுத்தருக்கு.

“சொல்லுங்கக்கா. இடிக்கிறது யார? கட்டுறது யார?”

“இடிக்கறது யாரையும் இல்ல கண்ணு. அவர் ஓய்வுல போறார். அவர் வேலை உனக்கு. நிரந்தரம்.”

தொலைபேசி எங்கோ கீழே வைக்கப்பட்ட சத்தம், செருப்பில்லாத கால் ஓடுகிற சத்தம், கதவு. பிறகு தூரத்தில், மழைக்கு மேலாக, அவள் குரல்.

“அம்மோவ்! கட்டி வெச்ச மூட்டையெல்லாம் அவுத்துருங்க!”